புதிய கேமிங் லேப்டாப்: மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் எதைச் சோதிப்பது?

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
கோயம்புத்தூரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் வாங்கினேன். விளையாடத் தொடங்கியதும் விசிறி இரைகிறது. விசைப்பலகைக்கு மேலுள்ள பட்டையில் விரல் வைக்க முடியவில்லை. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்து மார்ச் வெயிலை நீங்கள் அறிவீர்கள். இது இயல்பா, குறையா?

வேலந்தாவளம்:
தம்பி, சூட்டை மட்டும் வைத்துக் குறை என்று சொல்ல முடியாது. இன்டெல் செயலிகள் பலவற்றுக்கு வரம்பே 100 டிகிரி செல்சியஸ். விண்டோஸ் அப்டேட்டையும் என்விடியா டிரைவரையும் முதலில் முடித்துவிட்டு, சூட்டையும் வாட்டையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளைத் திறந்து வைத்தபடி அரை மணி நேரம் விளையாடி, கிராஃபிக்ஸ் சிப் எத்தனை வாட் எடுக்கிறது என்று பாருங்கள். 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை அமைக்க என்விடியா இடம் தருகிறது; வாட் குறைந்தால் வேகமும் குறையும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. சார்ஜரைக் கழற்றினால் வேகம் குறையும், அது பழுதன்று.

மீனாட்சிபுரம்:
அண்ணன் சொன்னதுடன், விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, வடிவமைப்புக் கொள்ளளவையும் முழுச் சார்ஜ் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். புதியதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என முழு நிறங்களை வைத்துப் புள்ளி செத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மெத்தைமேல் வைத்துச் சோதிக்காதீர்கள். காற்று உள்ளே போகும் துளைகள் அடியில்தான் உள்ளன.

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. மேசையில் பின்பக்கத்தை உயர்த்தி வைத்து, இன்றிரவே வாட் கணக்கைப் பார்த்து எழுதுகிறேன்.