திறந்த சேற்றில் ஆயிரம் பாக்காவ் கன்று: நடலாமா, கூடாதா?

உள்ளான்நோக்கி:
வட செபராங் பிறையில் நம் கரையோரப் பூங்காவில் நவம்பர் மாதம் குடும்ப நாள் கோத்தோங் ரோயோங் (கூட்டுப்பணி) நடத்தி, எதிரே உள்ள திறந்த சேற்றில் ஆயிரம் பாக்காவ், அதாவது கண்டல் மரக் கன்று நடப்போகிறார்கள். நோக்கத்தில் குறையில்லை, இடம்தான் தவறு. தெலுக் ஆயர் தாவார் முதல் குவாலா மூடா வரை உள்ள சேற்றுக் கரை, செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை வலசைப் பறவைகள் இரை தேடும் இடம். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் கூடு கட்டும், அழியும் நிலையில் உள்ள நார்ட்மன் பச்சைக்காலி உள்ளானும் அவற்றில் ஒன்று. புழுவும் குட்டி நண்டும் அவற்றுக்குச் சேற்றில் கிடைக்கின்றன. பருந்து வருவதைத் தூரத்திலேயே பார்க்க வெட்டவெளி வேண்டும். மரம் இல்லாததால் அதைக் காலி மனையாக நினைத்துவிடக் கூடாது.

செபராங்_டீச்சர்:
பறவை மேல் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 முதல் அரசாங்கமே கரையோரங்களில் கன்று நட்டு வருகிறது. கரை அரிப்பதும் கண்கூடு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கையால் ஒரு மரம் நட்டால், அந்தக் கரை தங்களுடையது என்ற எண்ணம் வரும். பாக்காவ் கடலில் வளரும் மரம்தானே, கடற்பக்கம் நட்டால் என்ன கெட்டுவிடும்?

நாற்றங்கால்காரன்:
டீச்சர், அங்கேதான் சிக்கல். பாக்காவ் கடலில் வளர்வதில்லை, கடல் வந்து போகும் மட்டத்தில் வளர்கிறது. 1928இலேயே மலாயாக் கண்டல் காடுகளை வன அதிகாரி வாட்சன் நீர் ஏறும் கணக்கின்படி ஐந்து வகையாகப் பிரித்துவிட்டார். பாக்காவில் ஒரு வகையான மின்யாக் செழிப்பது மாதத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 45 தடவை நீர் ஏறும் நிலத்தில். இங்கே ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், மாதத்துக்கு அறுபதை ஒட்டி வரும். திறந்த சேறு அத்தனையிலும் மூழ்கும், அதுவும் மணிக்கணக்காக. இலை மூச்சுவிட நேரமே கிடைக்காது. அடுத்தது கொட்டலசு. தெரித்திப் என்போமே, அதுதான். தண்டு முழுக்க ஒட்டிக்கொண்டு எடை ஏற்றும், அலையில் கன்று சாயும். கத்தியால் சுரண்டினால் பட்டை காயப்பட்டு அதனாலும் சாகும். பிலிப்பீன்ஸில் இப்படித் தாழ்வான சேற்றில் பெருமளவில் நட்டவற்றில் நெடுநாள் தப்பியது நூற்றுக்குப் பத்து இருபதுதான்.

கடல் முகப்பில் முதலில் காலூன்றுவது ஆப்பி-ஆப்பி, நம் வெண்கண்டல். பெரெபாட் என்ற இன்னொரு கண்டல் மரமும் வரும். அவை சேறு உயர்ந்த இடத்தில் தாமாகவே முளைக்கும். முளைக்கவில்லை என்றால் மட்டம் இன்னும் தாழ்வு என்று பொருள்.

வலைவீசி:
அப்படியென்றால் அரிக்கிற கரையை அப்படியே விட்டுவிடுவதா? கண்டல் குறைந்தால் இறாலும் நண்டும் குறையும். கரையோர வலைத்தொழில் செய்பவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. தாமாக முளைக்கட்டும் என்று காத்திருந்தால் வேலிக் கரை உடைந்து வயலில் உப்புநீர் ஏறிவிடும்.

உள்ளான்நோக்கி:
அண்ணே, அரிக்கிற இடத்தில் வெறும் கன்று நிற்காது. அலையின் வேகத்தை முதலில் தணிக்க வேண்டும். அது பொறியாளர் வேலை, வடிகால் நீர்ப்பாசன இலாகா வரவேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில் இருநூறு பேர் இறங்கி முடிகிற காரியமல்ல. அத்தனை கால்கள் மிதித்தால் ஆப்பி-ஆப்பியின் மூச்சுவேர் ஒடியும், நண்டு வளை அடைபடும்.

நாற்றங்கால்காரன்:
வலைவீசி கேட்பது நியாயமான கேள்வி. நடுவதே கூடாது என்று நானும் சொல்லவில்லை. பூங்காவின் உட்பக்கம், மரம் விழுந்து திறந்த இடங்களைப் பாருங்கள். கைவிட்ட இறால் குளம் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பிடிக்கும் தண்ணீர்க் குழாயை எடுத்துப் போங்கள். ஒரு முனை நன்றாக வளர்ந்த பாக்காவ் அடியில், மறு முனை நடப்போகும் இடத்தில். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும். இரு மட்டமும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் நடலாம். குளத்தில் வரம்பு நீரைத் தடுத்தால், முதல் வேலை பழைய ஓடை வழியில் வரம்பைத் திறப்பது. நீரோடு விதையும் வரும், பல இடங்களில் நடவே தேவைப்படாது. எதற்கும் வன இலாகாவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நீண்ட காயில், தலைப்பக்கம் வளையம் தெரிந்தால்தான் முற்றியது. மின்யாக்கில் செந்நிறம், இன்னொரு வகையான குராப்பில் மஞ்சள். பச்சையாகப் பறித்தால் அழுகும். பறித்ததைச் சில நாள் நிழலில் போட்டுவைத்தால் நண்டுக்கு அதன் மேல் ஆசை குறையும். நடும்போது மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள், கூர்முனை கீழே. பிள்ளைகள் தலைகீழாகக் குத்துவது அடிக்கடி நடக்கும். பேராக்கின் மாத்தாங் கண்டல் காட்டில் மின்யாக்குக்கு 1.2 மீட்டர், குராப்புக்கு 1.8 மீட்டர் இடைவெளி விடுவார்கள். ஆயிரம் கன்றை ஒரு மூலையில் நெருக்கி நட்டால் படம் நன்றாக வரும், அவ்வளவுதான்.

செபராங்_டீச்சர்:
மட்டம் பற்றிச் சொன்னது புரிகிறது, கடற்பக்கம் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடும் வேலையை அடியோடு எடுத்துவிட்டுக் குப்பை மட்டும் பொறுக்கச் சொன்னால் பெற்றோர் வரமாட்டார்கள். உட்பக்கத் திறப்பில் நூறு கன்று, பத்துப் பத்துப் பிள்ளைகளாக, பலகை போட்டு. இதற்குக் குறைவாக நான் இறங்கிவர மாட்டேன்.

உள்ளான்நோக்கி:
குப்பை பொறுக்குவது சின்ன வேலை அல்ல டீச்சர். அறுந்த வலையில் பெலாங்காஸ் (குதிரைலாட நண்டு) சிக்கிச் சாகிறது. மிதந்துவரும் பிளாஸ்டிக் இளங்கன்றைச் சுற்றி இழுத்துச் சாய்க்கிறது. நூறு கன்றுக்கு நான் சம்மதம், ஆனால் முதலில் வலை அகற்றல், அப்புறம் நடவு. பிறகு 1, 3, 6, 12ஆம் மாதங்களில் அதே பிள்ளைகள் வந்து எண்ண வேண்டும். எண்ண ஆளில்லை என்றால் நூறும் அதிகம்.

வலைவீசி:
நேரத்தையும் கவனியுங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் நன்றாக வற்றும், திரும்பும்போது வேகமாகவும் ஏறும். நீர் அட்டவணையைப் பார்த்து, கடைசி வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்கி, நீர் திரும்பியதும் கரையேற வேண்டும். உயரமான பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்ளும், கம்போங் அடிடாஸ் ரப்பர் சப்பாத்து போதும். கரை அரிப்புக்கு இலாகாவிடம் தனியாக மனு கொடுக்க வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

செபராங்_டீச்சர்:
எண்ணும் பொறுப்பு பள்ளியுடையது. பைக்கன்று வாங்குவதா, காயா?

நாற்றங்கால்காரன்:
நண்டு அதிகமான இடம் என்பதால் பைக்கன்று. நாலு இலை விட்டு, நிழல்வலையிலிருந்து வெயிலுக்குப் பழகியதாகக் கேளுங்கள். பையைக் கிழித்து எடுத்த பிறகே குழியில் வைக்க வேண்டும். கொடுத்த பையும் திரும்பிய பையும் எண்ணிக்கையில் ஒத்துவர வேண்டும். குச்சியில் கட்டுவதானால் ராஃபியா பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், தண்டை இறுக்கி அறுக்கும். தேங்காய் நார்க்கயிறு, எட்டு வடிவத்தில், தளர்வாக.