ஒராள் சவுனா: கனடாவில் இருந்து எடுப்பிக்கலாமா?

பரந்தன் லொறிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வயது 43, லொறி ஓட்டம். கொழும்புக்குப் போய் வந்து இறங்கினால் இடுப்பு பிடித்து நிமிர முடியாது. போன மாதம் கொழும்பில் ஒரு நீராவி அறையில் இருபது நிமிடம் இருந்து பார்த்தேன், அன்றிரவு கொண்ட நித்திரையை நான் வருடக்கணக்கில் கொண்டதில்லை. இதைக் கனடாவில் இருக்கிற அண்ணையிடம் சொன்னதுதான் தாமதம், வீட்டுக்குள் வைக்கிற ஒராள் சவுனா (ஒருவர் மட்டும் உள்ளே இருந்து சூட்டில் வேர்க்கிற கூடு) ஒன்றைப் பார்சலில் போட்டுவிடுகிறேன் என்று நாலு படம் அனுப்பிவிட்டார். ஒன்று கூடாரம் மாதிரி, தலை மட்டும் வெளியே நிற்கும், பக்கத்தில் ஆவிப் பானை. இன்னொன்றும் கூடாரம்தான், ஆவிக்குப் பதில் இன்பிராரெட் தகடாம், கண்ணுக்குத் தெரியாத கதிரால் சூடாக்குமாம். மற்றது உள்ளே புகுந்து படுக்கிற போர்வை. கடைசி, கண்ணாடிக் கதவு போட்ட பலகைப் பெட்டி. எங்களுடையது 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடு, பெட்டியை உள்ளே வைத்தால் நாங்கள் விறாந்தையில்தான் படுக்கவேண்டும். "இந்த வெயிலுக்குள்ள காசு குடுத்து வேர்க்கப் போறியளோ" என்று மனுசி வேறு சிரிக்கிறாள். பாவித்தவர்கள் சொல்லுங்கள், எதை எடுக்க?

வவுனியா வயர்மன்:
அண்ணை, எது நல்லது என்பது பிறகு, முதலில் கனடாப் பார்சலை நிற்பாட்டுங்கள். அங்கே கரண்ட் 120 வோல்ட், எங்களுக்கு 230. அந்தச் சூடாக்கிற கம்பியை இங்கே கொழுவினால் சூடு மூன்றரை மடங்குக்கு மேல் போகும், பியூஸ் போகாவிட்டால் பானை போகும். டிரான்ஸ்போமர் போடலாம் என்று யாராவது சொல்வார்கள், ஆயிரம் வாட்ஸ் தாங்கிற டிரான்ஸ்போமரைத் தூக்கவே நல்ல இடுப்பு வேண்டும். 230 என்று அடித்திருப்பதை மட்டும் வாங்குங்கள்.

ஆவிக் கூடாரம் அனேகமாக 800, 1000 வாட்ஸ், சிலது அதற்கும் மேலே. 5 அம்பியர் பிளக் 1150 வாட்ஸோடு சரி, அதனால் 13 அம்பியர் பொயின்றில் நேரே குத்துங்கள், மல்ரி பிளக் வேண்டவே வேண்டாம். அப்புறம் ட்ரிப் சுவிச், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து கரண்டை நிற்பாட்டுகிறது. 30 மில்லி அம்பியர் என்று போட்டிருக்க வேண்டும், அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அமத்தினால் டக்கென்று விழவேண்டும். அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிச்சைக் கழற்றிவிட்டு நேரே கட்டின வீடுகளைக் கண்டிருக்கிறேன். வேர்த்த உடம்பும் ஈர நிலமும் இருக்கிற இடத்தில் அந்த விளையாட்டு கூடாது.

முள்ளியவளை அக்கா:
தம்பி, நான் ஆவிக் கூடாரம் ஒன்றரை வருடமாகப் பாவிக்கிறேன். நாரிக்கு நல்ல சுகம், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணி அதற்குச் சரிவராது. மூன்று மாதத்தில் பானையின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடித்து, ஆவி வரவே அரை மணித்தியாலம் ஆனது. கேத்திலில் பிடிக்கிற அதே கல்தான். தேசிக்காய்ப் புளி விட்டு ஒரு இரவு ஊறவிட்டேன், காலையில் முட்டைக்கோது மாதிரிக் கழன்று வந்தது. இப்போது மழைத் தண்ணி, இல்லாவிட்டால் பில்டர் தண்ணிதான். நொச்சி இலையைப் பானைக்குள் போடாதீர்கள், குழாய் அடைத்துவிடும். குழாய் வாயில் ஒரு சின்னப் பெட்டி இருந்தால் அதற்குள் போடுங்கள். அந்த வாய் காலுக்குக் கிட்ட இருக்கும், எனக்கு முதல் நாளே கெண்டைக்கால் சுட்டது. மாரியில் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், துடைத்து விரித்துக் காயவிட வேண்டும். அம்மா இன்னும் அதை "கரண்ட் வேது" என்றுதான் சொல்வா.

மாங்குளத்தான்:
காயவிடுகிற பஞ்சிக்காகவே நான் இன்பிராரெட் எடுத்தேன். ஆவியும் இல்லை ஈரமும் இல்லை, 50, 60 பாகையில் சும்மா இருந்து வேர்க்கலாம். ஆனால் தகடு இருக்கிற இடம் மட்டும் கொதிக்கும், முழங்கால் குளிரும். மெலியலாம் என்று விற்பார்கள், நம்பாதீர்கள், குறைகிறது தண்ணி, குடித்தவுடன் திரும்பி வரும். இதயத்துக்கு நல்லது என்று காட்டுகிற பின்லாந்து ஆய்வு ஒன்று 2015 இல் வந்தது, 2,300 ஆண்களை 20 வருடமளவில் பார்த்தது. அது 80 பாகைப் பலகை அறைக்காரருடைய கதை, எங்கள் துணிக் கூட்டுக்கு அதைப் பொருத்தக் கூடாது.

நேர்ஸ் பிள்ளை:
அண்ணை, இடுப்போடு கால் விறைப்பு, ஊசி குத்துகிற மாதிரி உணர்வு இருந்தால் அது வெறும் பிடிப்பு இல்லை, முதலில் காட்டுங்கள். சீனி வருத்தத்தில் கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். பிரஷர் குளிசை எடுப்பவர்கள், கிட்னி வருத்தக்காரர் கேட்காமல் இறங்கவே கூடாது. உடம்பில் செல் பீஸ் (குண்டுச் சிதறல்) இருந்தாலும் எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்க் கேளுங்கள். எல்லாம் சரியென்றாலும் முதல் தரம் பத்து நிமிடம் போதும், வீட்டில் ஆள் நிற்கும்போது.

பரந்தன் லொறிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அண்ணைக்கு இப்பவே கோல் எடுத்து மறித்துவிட்டேன். மழைத் தண்ணி எங்களுக்குப் பிரச்சினை இல்லை, தாங்கி இருக்கிறது, அதனால் மனம் ஆவிக் கூடாரத்தில்தான் நிற்கிறது. ஆனால் இடது தொடையில் 2009 இல் பட்ட பீஸ் ஒன்று இன்னும் கிடக்கிறது, தங்கச்சி சொல்லும்வரைக்கும் அது ஞாபகத்திலேயே இல்லை. திங்கட்கிழமை கிளினிக் போகிறேன். வயர்மன் தம்பி, டெஸ்ட் பட்டனை மூன்று தரம் அமத்திப் பார்த்தேன், விழவில்லை. பரந்தன் பக்கம் எப்ப வருவீர்கள்?