பல்லாங்குழி: பாட்டி சொல்லும் விதி ஒன்று, சித்தி சொல்லும் விதி ஒன்று. எதை வைத்து ஆடுவது?

மாடிவீடு:
சாயங்காலம் ஏழு மணியிலிருந்து சாப்பாடு வரைக்கும் டிவியும் போனும் வேண்டாம், எல்லாரும் சேர்ந்து பல்லாங்குழி ஆடலாம் என்று வீட்டில் முடிவு. ஆடுவது மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் (7 வயது, 11 வயது), சில நாள் சித்தியும். பலகை இருக்கிறது, காய்தான் வாங்க வேண்டும். மூன்று சந்தேகம். கையில் காய் தீர்ந்ததும் அடுத்த குழி காலி என்றால் என்ன செய்வது? நாலு காய் சேர்ந்தால் அது யாருக்கு? ஆட்டம் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது, சின்னவன் அழுகிறான். அதற்கு என்ன வழி?

மரப்பாச்சி:
ஊருக்கு ஊர் விதி மாறும். அதனால் எது சரி என்று பார்க்காதீர்கள். ஒன்றை எழுதிப் பலகைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். பரவலாக ஆடுவது பசுப்பாண்டி, அதைச் சொல்கிறேன்.

குழிக்கு 5 காய், மொத்தம் 70. உங்கள் வரிசையில் இடமிருந்து வலம் 1 முதல் 7. ஏழாவதற்கு எதிரே இருப்பது 8, அப்படியே சுற்றிவந்தால் 14 உங்கள் முதல் குழிக்கு எதிரே நிற்கும். உங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியை மொத்தமாக அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கை காலியானதும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அந்தக் குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் எதிராளிக்குப் போகும். இரண்டு குழி சேர்ந்தாற்போல் காலி என்றால் ஒன்றும் கிடைக்காது.

ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியிலாவது சரியாக 4 காய் சேர்ந்தால் அது பசு. யார் போட்டாலும், குழி யார் பக்கமோ அவர்களுக்கே பசு.

விதி சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எல்லாக் குழியிலும் 5 இருக்கும்போது எந்தக் குழியில் ஆரம்பித்தாலும் முதல் ஆட்டத்தில் 7 காய்தான் கிடைக்கும். 1-இல் ஆரம்பித்தால் அடுத்தடுத்து 7, 13, 5, 12 ஆகிய குழிகளை அள்ளுவீர்கள். கடைசிக் காய் 4-இல் விழும். 5 காலி, 6-இல் இருக்கும் 7 உங்களுக்கு. குறைந்தாலோ கூடினாலோ நடுவில் யாரோ ஒரு குழியைத் தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை.

கொல்லைப்புறம்:
மரப்பாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சில வீடுகளில் காலிக் குழிக்கு அடுத்ததை எடுக்கும்போது அதற்கு நேர் எதிர்க் குழியையும் சேர்த்து எடுப்பார்கள். உங்கள் மாமியாரும் சித்தியும் முட்டிக்கொள்வது அநேகமாக இந்த இடத்தில்தான். எதிர்க்குழி எடுக்கும் முறையில் ஆட்டம் சீக்கிரம் முடியும், ஆனால் ஒரே கையில் பெரிய குவியல் போய்விடும். சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது அது வேண்டாம்.

பசுவில்தான் சண்டை வரும். பார்க்காமல் விட்டால் அடுத்த காய் விழுந்து ஐந்தாகிவிடும், அப்புறம் கேட்கக்கூடாது என்று முதலிலேயே பேசிவையுங்கள். ஏழு வயதுப் பிள்ளை எதிராளியின் ஆட்டத்தையும் கண்கொட்டாமல் பார்ப்பதற்கு இந்த ஒரு விதி போதும். குழியைக் கண்ணால் எண்ணலாம், கை வைத்தால் அள்ளியே ஆகவேண்டும்.

பெரியவளுக்குக் கொஞ்சம் கணக்கும் காட்டுங்கள். நீங்கள் 1-இல் ஆரம்பித்து 7 எடுத்த பிறகு அவள் பக்கம் ஐந்து குழியில் ஏழேழு காய் தெரியும். கை தானாக அங்கேதான் போகும். 8-ஐ அள்ளினால் சுற்றிச் சுற்றி வந்து ஒரு பசுவும் 3 காயுமாக 7 கிடைக்கும். ஆனால் போகிற வழியில் உங்கள் 1-ஆம் குழியில் ஒரு பசுவை ஈன்றுவிட்டுப் போவாள். ஒற்றைக் காய் கிடக்கும் 13-ஐ எடுத்தாலோ 8 கிடைக்கும், உங்களுக்கு ஒன்றும் இல்லை. நிறைந்த குழிதான் லாபம் என்ற எண்ணம் அதோடு போய்விடும்.

மரப்பாச்சி:
இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம், ஒரு சுற்று முடிந்ததும் ஆட்டம் முடிவதில்லை. ஒருவர் முறை வரும்போது அவர் பக்கம் காயே இல்லை என்றால் சுற்று முடிந்தது, மீதி எதிராளிக்கு. பிறகு அவரவர் காயை வைத்துத் தம் குழிகளை ஐந்தைந்தாக நிரப்பவேண்டும். 27 காய் இருந்தால் ஐந்து குழி நிறையும், 2 கையில் நிற்கும், இரண்டு குழி மூடல். மூடிய குழியில் ஒரு தீக்குச்சி போட்டுவையுங்கள், இல்லையென்றால் மறந்து அதிலும் காய் போடுவார்கள். ஐந்துக்கும் கீழே போனவர் குழிக்கு ஒன்றாக வைத்து ஆடுவதைக் கஞ்சி காய்ச்சுவது என்பார்கள். அங்கிருந்தும் எழுந்து வருபவர்கள் உண்டு, அதனால்தான் முடிவே தெரியாது.

சாப்பாட்டுக்கு முன் முடியவேண்டும் என்றால், மூன்று குழி மூடியவர் தோற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவான நாளில் ஒரே சுற்று ஆடி, 35-க்கு மேல் வைத்திருப்பவர் ஜெயித்தார் என்று முடித்துவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் சின்னவனுக்கே முதல் ஆட்டம் கொடுங்கள்.

உமி அடுப்பு:
காய் வாங்கும் முன் இதைப் படியுங்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி கடைகளில் அழகாகக் கிடைக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். உடைந்தோ மென்றோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தான விஷம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வந்துபோகும் வீடானால் எந்த விதையுமே ஆட்டம் முடிந்ததும் எண்ணி மூடிவைக்க வேண்டிய பொருள்தான்.

புளியங்கொட்டை போதும். சதை ஒட்டியிருந்தால் எறும்பு வரும், காய்களும் ஒன்றோடொன்று ஒட்டும். வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். பொடி ஓட்டை தெரிந்தால் வண்டு விழுந்த கொட்டை, தூக்கிப் போடுங்கள். ஒரே அளவாக 80 பொறுக்கினால் தொலைவதற்கும் பத்து இருக்கும். சோழி நன்றாக இருக்கும், ஆனால் இடம் அடைக்கும். ஆட்டம் முற்றும்போது ஒரு குழியில் பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் வழிந்து பக்கத்துக் குழியில் விழும், கணக்கு போச்சு.

மாமியாருக்கு முட்டிவலி என்றால் தரையில் உட்கார வைக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் பலகையை வைத்தால் வழுக்காது, சத்தமும் குறையும்.

ஆள் வராத நாளில் சின்னவனுக்குச் சீதைப்பாண்டி கற்றுக்கொடுங்கள், தனியாக ஆடலாம். முதல் குழியில் 7, அடுத்து 6, 5 என்று இறங்கி ஏழாவதில் 1. மொத்தம் 28 காய். ஏழை அள்ளி அடுத்த ஏழு குழியில் போட்டால் அதே 7, 6, 5 வரிசை ஒரு குழி நகர்ந்து நிற்கும். மறுபடி ஏழை அள்ளவேண்டும், இப்படியே வரிசை குலையாமல் பலகையைச் சுற்றிவரும். ஒரு காய் தவறினாலும் உடனே தெரிந்துவிடும்.