புதுப்பிப்பு: அண்ணன் மகளை மிரட்டிய கணக்கு

அண்ணன் மகளின் படத்தை ஆபாசமாக மாற்றி யாரோ பணம் கேட்டு மிரட்டுவதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அவளுக்கு 14 வயது. வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பணம் கொடுக்கவில்லை. அவளுடைய கணக்கை உடனே அழிக்கச் சிலர் சொன்னார்கள். நல்லவேளை, அழிக்காமல் உரையாடலையும் அவனுடைய பயனர் பெயரையும் திரைப்பிடிப்பு எடுத்து வைத்தோம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில் புகார் கொடுத்தோம். பெயர் சொல்லாமலும் அங்கே புகார் தரலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் பேசினோம்.

‘டேக் இட் டவுன்’ பற்றிச் சொன்னவருக்குத் தனி நன்றி. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் அந்தரங்கப் படங்களுக்கான இலவசச் சேவை அது. படம் நம் போனை விட்டுப் போவதில்லை. அதன் எண்வடிவக் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு, மட்டும் போகிறது. இணைந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்குகின்றன. அதைச் செய்து முடித்த இரவுதான் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டாள்.

நான்கு நாட்களாக மிரட்டல் இல்லை. புகார் விசாரணையில் இருக்கிறது.

அண்ணன் அவள் போனைப் பிடுங்கி வைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. திட்டு விழும் என்று பயந்துதானே ஆறு நாள் மறைத்தாள்? பேசி, திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டேன்.