ஸ்பானிஷில் ஏமாற்றும் சொற்கள்: நாடுவாரியாகப் பட்டியல் இருக்கிறதா?

ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படித்தவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது உதவுங்கள். ஆங்கிலச் சொல் போலவே இருந்துகொண்டு வேறு பொருள் தரும் ஸ்பானிஷ் சொற்களைத்தான் ஏமாற்றும் சொற்கள் என்கிறேன். 'எம்பரசாதா' என்றால் கர்ப்பிணி, வெட்கப்பட்டவள் இல்லை. 'எக்சிட்டோ' என்றால் வெற்றி, வெளியே போகும் வழிக்கு 'சலீதா'. 'லிப்ரெரீயா' புத்தகக் கடை, நூலகம் 'பிப்லியொதேகா' என்பதெல்லாம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கிறது, அதில் சிக்கலே இல்லை. 'கான்ஸ்திபாதோ' மாதிரிச் சொற்கள்தான் படுத்துகின்றன. ஸ்பெயினில் அதற்குச் சளி பிடித்திருக்கிறது என்று பொருள், லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் மலச்சிக்கல் என்றே எடுத்துக்கொள்வார்கள், மருத்துவரிடம் மாற்றிச் சொன்னால் வம்புதான். 'அப்ளிகார்' கூட அப்படித்தான்: வேலைக்கு விண்ணப்பிப்பதை அங்கே அப்படிச் சொல்கிறார்கள், ஸ்பெயினில் 'சொலிசிதார்' என்பதே நல்ல வழக்கு.

இப்படி நாடுவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் பட்டியலோ அகராதியோ தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், மெக்சிகோ, கொலம்பியா பக்கம் இருந்தவர்கள் சளிக்கு அன்றாடம் காதில் விழுந்த சொல் எது என்றும் எழுதினால் பெரிய உதவி.