அபார்ட்மென்ட்டுக்கு ரப்பர் போட் வாங்கலாமா? வெள்ளத்துல மாட்டுனவங்க, மீட்கப் போனவங்க சொல்லுங்க

முடிச்சூர்வாசி:

வணக்கம் மக்களே. முடிச்சூர் பக்கம் மூணு மாடி, மொத்தம் 18 வீடு. 2021ல தான் இங்க வாங்கி வந்தோம், அதனால 2015 வெள்ளம் எங்களுக்கு மத்தவங்க சொல்ற கதை தான், ஆனா 2023 மிக்ஜாம் புயல் சொந்த அனுபவம். எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் வராது. அன்னைக்கு கிரவுண்ட் ஃப்ளோருக்குள்ள தண்ணி வந்தப்போ அவர ப்ளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேரு தூக்கி ரெண்டாவது மாடிக்கு ஏத்துனோம், படிக்கட்டு திருப்பத்துல சேர் கால் ஒன்னு வளைஞ்சிடுச்சு, இப்ப நெனச்சாலும் வயிறு கலங்குது. ஹெல்ப்லைனுக்கு அடிச்சு அடிச்சு ஓஞ்சு போய், மூணாவது நாள் தான் ஒரு போட் வந்துச்சு, அதுவும் எங்களுக்காக வரல, பக்கத்து தெருவுக்கு வழி தெரியாம நம்ம தெருவுக்குள்ள வந்துட்டாங்க.

இப்போ அசோசியேஷன்ல வீட்டுக்கு இவ்ளோன்னு போட்டு ஒரு ரப்பர் போட் வாங்கலாம்னு பேச்சு. பாதி பேர் சரிங்கிறாங்க, பாதி பேர் வேஸ்ட்டுங்கிறாங்க. வாங்கலாமா? இன்னொன்னு, மறுபடி அப்படி மாட்டுனா யாருக்கு என்ன சொன்னா சீக்கிரம் வருவாங்க?

சைதைக்காரன்:

போட் வாங்குறத விடுங்க ப்ரோ, மொதல்ல உங்க கடைசி கேள்விக்கு வரேன். 2015 டிசம்பர் 2, 3 ரெண்டு நாளும் நான் ஜாபர்கான்பேட்டை பக்கம் போட்ல வழிகாட்டியா போனேன். எனக்கு நீச்சல் கூட சரியா வராது, தெரு தெரியும் அவ்ளோதான். போட் ஓட்டுனவங்க கடல்காரங்க, அவங்களுக்கு அந்த ஏரியாவே புதுசு, கூகுள் மேப்பும் இல்ல, நெட்டும் இல்ல, டவரே செத்துப் போச்சு.

ஒரு வீட்டுக்கு அட்ரஸ் எழுதி ஒரு துண்டுச்சீட்டு குடுத்தாங்க. "ரேஷன் கடைக்குப் பின்னாடி, பச்ச கேட்டு, வாசல்ல வேப்பமரம், மாருதி கார் நிக்கும்". போய்ப் பாத்தா ரேஷன் கடை முங்கிடுச்சு, கேட்டு தண்ணிக்குள்ள, காரு மேலதான் எங்க போட் கிர்ர்ருனு ஒரசிக்கிட்டு நிக்குது, அது மாருதியா எதுன்னு யாருக்குத் தெரியும். வேப்பமரம் அந்தத் தெருவுல மட்டும் நாலு இருக்கு. முக்கா மணி நேரம் சுத்துனோம். கடைசில ஒரு அம்மா மொட்டமாடில செவப்பு புடவைய கொடி கட்டுற மாதிரி ஆட்டுச்சு, அது அந்த வீடே தான்!

அதனால சொல்றேன், அட்ரஸ் சொல்லும்போது தண்ணிக்கு மேல தெரியுறத மட்டும் சொல்லுங்க. டேங்க் என்ன கலர், எத்தன மாடி, பக்கத்துல செல்போன் டவர் இருக்கா, கோயில் கோபுரம் எந்தப் பக்கம். அப்புறம் எத்தன பேரு, அதுல நடக்க முடியாதவங்க எத்தன, கைக்கொழந்த இருக்கா, தண்ணி எந்த மாடி வரைக்கும். மெசேஜ்ல தேதியும் டைமும் கண்டிப்பா போடுங்க. ஆள மீட்டு ரெண்டு நாள் ஆன மெசேஜ் எல்லாம் வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருந்துச்சு, அத நம்பி நாங்க ரெண்டு தடவ காலி வீட்டுக்குப் போயிட்டு வந்தோம். அந்த நேரத்துக்கு வேற யாரையாவது எடுத்துருக்கலாம். வெளிய வந்ததும் மொத வேலையா "வந்துட்டோம், மெசேஜ டெலிட் பண்ணுங்க"னு போடுங்க தயவு செஞ்சு.

நம்பர் விஷயத்துல ஒன்னு கவனிங்க, 1913 சென்னை மாநகராட்சிக்கு. நீங்க செங்கல்பட்டு மாவட்டம், உங்களுக்கு 1077 மாவட்ட கன்ட்ரோல் ரூம், 1070 மாநிலத்துக்கு.

வலைக்காரன்:

சைதை அண்ணன் சொன்னது கரெக்டு. எங்க குப்பத்துலேந்து 2015லயும் லாரில ஃபைபர் போட்ட ஏத்திக்கினு போனோம், 2023லயும் போனோம். கடல்ல ஓட்றது வேற, தெருவுல ஓட்றது வேற சார். கடல்ல கீழ என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். தெருவுல டிவைடர் இருக்கும், பைக் சாஞ்சு கெடக்கும், மேல பாத்தா கேபிள் ஒயரு கழுத்துக்கு நேரா தொங்கும். இஞ்சின போட்டா ப்ரொப்பெல்லர்ல துணி, பிளாஸ்டிக் சுத்திக்கும், பாதி நேரம் இஞ்சின தூக்கி வுட்டுட்டு கோல் போட்டு தள்ளிக்கினு தான் போனோம், இடுப்பளவு தண்ணின்னா எறங்கி கையால தள்ளுவோம்.

ரப்பர் போட் வாங்காதீங்க, காச வேஸ்ட் பண்ணாதீங்க. உங்க மாதிரி ஏரியால காம்பவுண்டு கேட்டு மேல ஈட்டி மாதிரி கம்பி வப்பாங்க இல்ல, அது தண்ணிக்குள்ள அரை அடில நிக்கும், தெரியாது, சர்ருனு கிழிச்சிடும். சர்க்காரு ஆளுங்க வச்சிருக்குறது கெட்டி ரகம், தனித்தனி அறையா காத்து நிக்கும், ஒன்னு போனா இன்னொன்னு தாங்கும். நீங்க வாங்குற வெலைக்கு அது வராது. அதுவும் மூட்ட கட்டி மாடில போட்டு வச்சா ரெண்டு வருசத்துல எலி கடிச்சிரும்.

போட் வந்தா எல்லாரும் ஒரே பக்கமா வந்து தாவாதீங்க, அது போதும். 2015ல ஒரு பால்கனிலேந்து மூணு பேரு ஒரே நேரத்துல குதிச்சு போட் கவுந்துர இருந்துச்சு. ஒவ்வொருத்தரா, உக்காந்த வாக்குல நகர்ந்து வரணும், வெயிட்டானவங்க நடுவுல. நின்னுக்கினு செல்ஃபி எடுத்தவன ஒருத்தன நானே ஒரு அறை வுட்டேன், தப்புதான்.

ஓய்வு_தீயணைப்பு:

30 வருஷம் சர்வீஸ். வலைக்காரன் தம்பி சொல்றதுல ஒன்னே ஒன்னு தான் மாத்திச் சொல்வேன், ரப்பர் போட்டே கூடாதுன்னு இல்ல, தேங்கி நிக்கிற தண்ணில கொழந்தைங்கள ஒரு தெரு தாண்டி கொண்டு போக ஒதவும், ஆனா கத்துக்கிட்ட ஆள் இல்லாம வாங்குனா ஆபத்து தான் ஜாஸ்தி. உங்க அசோசியேஷன்ல போட் ஓட்ட யாருக்குத் தெரியும்? அத மொதல்ல கேளுங்க.

அந்தக் காசுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்குங்க, பெரியவங்களுக்கு நாலு, சின்னப் பசங்க சைஸ் நாலு. நல்ல கயிறு 50 மீட்டர், டார்ச், விசில். ராத்திரி மொட்டமாடில கத்துனா மழ சத்தத்துல கேக்காது, விசில் கேக்கும். உங்கப்பாவுக்குன்னு ஒரு துணி ஸ்ட்ரெச்சர், கைப்பிடி வச்சது, மெடிக்கல் சாமான் கடைல கிடைக்கும். ப்ளாஸ்டிக் சேர் வேணாங்க, ஈரப் படில அது சறுக்கும், உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

கயிறு வாங்குனா ஒன்னு ஞாபகம் வச்சுக்கங்க. ஓடுற தண்ணில எறங்குறவன் இடுப்புல கயிற முடிச்சு போட்டுக் கட்டாதீங்க. கால் வழுக்குனா தண்ணி அவன இழுக்கும், கயிறு புடிச்சு நிறுத்தும், ரெண்டுக்கும் நடுவுல ஆள் முங்கிடுவான். தூண்லேந்து தூணுக்கு கயிறு கட்டி அத கையால புடிச்சுக்கிட்டு வரணும். முழங்கால் அளவு தானேன்னு எறங்காதீங்க, ஓடுற தண்ணி முழங்கால் அளவுலயே ஆள சாய்ச்சிடும். கைல கம்பு இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாது, மேன்ஹோல் மூடி தெறந்து கெடக்கும்.

மெயின ஆஃப் பண்ணும்போது இன்வெர்ட்டரையும் சேத்து ஆஃப் பண்ணுங்க, நெறைய பேரு மறந்துடுறாங்க. ஈபில லைன கட் பண்ணா திட்டாதீங்க, அவங்க கட் பண்ணாதான் நாங்க தண்ணில கால் வைக்க முடியும்.

ஆதனூர்_ஏரி:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கவும், முடிச்சூர்க்காரங்க எல்லாரும் டிவில செம்பரம்பாக்கம் எத்தன அடி, எத்தன கன அடி தொறக்குறாங்கன்னே பாத்துக்கிட்டு இருப்பாங்க. 2015ல 29,000 கன அடி தொறந்தது உண்மை, ஆனா அந்தத் தண்ணி அடையாத்துல வந்து சேர்றது திருநீர்மலை கிட்ட, அதாவது உங்களுக்குக் கீழ. மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்துக்கு அது பெரிய விஷயம். உங்களுக்கு வர்றது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிங்க நெறஞ்சு வழியிற தண்ணி. அன்னைக்கு தாம்பரத்துலயே 49 செ.மீ. பேஞ்சுது. அதனால செம்பரம்பாக்கம் ஷட்டர் மூடியிருக்குன்னு நிம்மதியா தூங்காதீங்க, மேல உள்ள ஏரிங்க கலங்கல் போகுதான்னு (அதாவது நெறஞ்சு வழியுதான்னு) அந்த ஊர்ல ஒரு ஃப்ரெண்ட் புடிச்சு வச்சு கேளுங்க.

தாமிரபரணித்தண்ணி:

அண்ணாச்சி, எங்க தூத்துக்குடி பக்கம் 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் பேஞ்ச மழைய நாங்க யாரும் எதிர்பாக்கல, காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 செ.மீ.. அன்னைக்கு செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல மாட்டிக்கிட்டு, தண்டவாளத்துக்குக் கீழ ஜல்லியெல்லாம் அடிச்சுட்டு போயி பாலம் மாதிரி அந்தரத்துல தொங்குது. ரயில்ல 800 பேரு. ரோடு எல்லாப் பக்கமும் அறுந்து கெடக்கு, மீட்புப் படைக்காரவ வரவே ரொம்ப நேரம் ஆயிட்டு, ஹெலிகாப்டர்ல சாப்பாடு போட்டாவ. அதுக்கு முன்னால புதுக்குடி சனங்க தான் வீட்டுல இருந்த அரிசிய கொண்டாந்து பொங்கி போட்டாவ.

எதுக்கு சொல்லுதேன்னா, மொத ரெண்டு நாள் வெளிய இருந்து யாரும் வர மாட்டாவன்னு கணக்கு வச்சுக்கிடுங்க. உங்க தெருவுல அடுப்பு எரியுத வீடு எது, கேஸ் முழுசா உள்ள வீடு எதுன்னு இப்பமே பேசி வைங்க. குடிதண்ணி ரெண்டாவது மாடில ட்ரம்மு நெறைய புடிச்சு வைங்க, சம்ப்பு தண்ணில சாக்கடை கலந்துரும். அப்பாவுக்கு மாத்திர ரெண்டு வாரத்துக்கு, ப்ளாஸ்டிக் டப்பால. வெள்ளம் வடிஞ்ச பொறவு காய்ச்சல் வந்தா சாதா காய்ச்சல்னு விடாதிய, எலிக்காய்ச்சலாவும் இருக்கலாம், தண்ணில நின்னேன்னு டாக்டர்ட்ட வாயத் தொறந்து சொல்லணும்.

நெசத்த சொல்லணும்னா அப்பாவ ரெட் அலர்ட் சொன்ன அன்னைக்கே சொந்தக்காரவ வீட்டுக்கு கூட்டிட்டு போயிருங்க. அது மாதிரி ஒரு மீட்புப் பணி கெடையாது.

முடிச்சூர்வாசி:

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து மீட்டிங்ல இந்த த்ரெட்ட அப்படியே படிச்சுக் காட்டுனேன். போட் கேன்சல். லைஃப் ஜாக்கெட், கயிறு, ஸ்ட்ரெச்சர் ஓகே ஆயிடுச்சு. அப்பாவ இனிமே அலர்ட் வந்தா பெருங்களத்தூர்ல அத்தை வீட்டுக்கு, அது மேடு. அவருக்கு அத்தை மாமாவோட ஆகாது, அது தனிக் கதை.

மாடி டேங்க்ல பெருசா ப்ளாக் பேரும் தெரு பேரும் மஞ்ச பெயின்ட்ல எழுதலாம்னு சொன்னேன், அதுக்குத்தான் சண்ட. பில்டிங் லுக் போயிடும், ரீசேல் வேல்யூ போயிடும்னு மூணாவது மாடி அங்கிள் ஒத்துக்கவே இல்ல. கடைசில ரோட்டுப் பக்கம் வேணாம், பின்பக்கம் மட்டும் எழுதிக்கங்கன்னு எறங்கி வந்துருக்காரு.

வலைக்காரன்:

பின்பக்கம் காலி மனையா இருந்தா அதுவே போதும் சார். ரோட்டுல கார் கெடக்கும், நாங்க காலி மனை வழியா தான் வருவோம். எழுத்து மட்டும் ஒரு ஆள் ஒசரத்துக்கு பெருசா போடுங்க.