மாக்ஸிபஸ்சனுக்குத் தமிழ்: சுட்டிகையா, தணலா?

திங்கள் இரவு, மொழிபெயர்ப்பாளர்

அன்பர்களே, பெண்கள் நலக் கட்டுரை ஒன்றை வெள்ளிக்குள் தமிழாக்கித் தரவேண்டும். மாதவிடாய் வலிக்குச் சீனாவில் செய்யும் மரபுச் சிகிச்சைகளும் அவற்றால் மூளையில் நடப்பவையும்தான் பொருள். அக்குபஞ்சர் எல்லாருக்கும் தெரியும், அதை அப்படியே வைத்துக்கொண்டேன். நான் தடுக்கி நிற்பது மாக்ஸிபஸ்சனில். மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்து, இடித்துப் பஞ்சாக்கி, சுருட்டுப்போல் சுற்றிப் பற்றவைத்துத் தோலுக்குச் சற்று மேலே பிடிக்கிறார்கள். உள்கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே உள்ள சான்யின்ஜியாவ் என்ற புள்ளியிலும், தொப்புளுக்குக் கீழேயும் பிடிப்பது வழக்கம். தொப்புளில் உப்பை நிரப்பி அதன்மேல் எரிப்பதும் உண்டு. சீனத்தில் இதற்கு ஒரே எழுத்து, ஜியூ. ஊசியும் இதுவும் சேர்ந்ததுதான் அவர்களுடைய ஜென்ஜியூ. நம்மிடம் ஊசி மட்டும் வந்து சேர்ந்தது. இதற்கு என்ன சொல்லலாம்?

செவ்வாய் காலை, சித்த மருத்துவர்

புதிதாக ஆக்க வேண்டியதில்லை. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் சுட்டிகை இருக்கிறது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செவ்வாய் மதியம், செவிலியர் கல்லூரி ஆசிரியை

ஐயா, சுட்டிகை என்றால் சுட்டுப் புண்ணாக்குவதாகத்தான் என் மாணவிகள் புரிந்துகொள்வார்கள். வலியில் சுருண்டு வரும் பெண்ணிடம் அதைச் சொன்னால் எழுந்து போய்விடுவாள். ‘மூலிகை ஒற்றடம்’ போதாதா? இன்னொன்று, கட்டுரையில் தயவுசெய்து சூதகவலி என்று எழுதாதீர்கள். சூதகத்தில் தீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செவ்வாய் இரவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஒற்றினால்தான் ஒற்றடம். தொடாமல் மேலே பிடிப்பதை எப்படி அப்படிச் சொல்வது? சுடுதலுக்கும் அஞ்ச வேண்டாம். ‘வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன்போல்’ என்று குலசேகராழ்வார் பாடியிருக்கிறார். ஆனாலும் இங்கே சுடர் இல்லை, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு. ஆகவே மாசிக்கனல். மாக்ஸிபஸ்சனில் உள்ள ‘மோக்ஸா’வுக்கு மூலமான ஜப்பானிய மோகுசாவையே ‘எரியும் புல்’ என்றுதான் விளக்குகிறார்கள். பத்திரி வடசொல், மாசிப்பச்சை என்பதே நம் சொல். மரிக்கொழுந்தும் இந்தச் செடிக்கு உறவு. அம்மா சூதகம் வேண்டாம் என்கிறார், மாதவிடாயில் உள்ள விடாய் என்றால் களைப்பு, தாகம். விடு என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, நான் களைப்பின் பக்கம். இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

புதன் காலை, யாழ்ப்பாணத்து அன்பர்

ஐயா, எங்களுக்கு மாசி என்றால் முதலில் மாசிக்கருவாடுதான் நினைவுக்கு வரும். சம்பலில் இடித்துப் போடுவோம். கனலும் ஏட்டுச்சொல். தணல் என்றால் எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ‘மூலிகைத் தணல்’ என்று வைக்கலாமே? புகை காட்டுவதுபோல் தணல் காட்டுதல். வினையும் கூடவே வந்துவிடும்.

புதன் மாலை, மூளைப் படிம ஆய்வு மாணவி

தணல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மூளையைப் பற்றி யாருமே பேசவில்லையே! வலியின் தொடக்கம் கருப்பையில். கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் மிகுந்து தசை இறுகுகிறது. அது மாதாமாதம் வரும்போது மூளையிலும் தடம் தெரிகிறது. 2010இல் வெளிவந்த தைவான் ஆய்வு ஒன்றில், வலி இல்லாத நாட்களில் எடுத்த படங்களிலேயே, மூளையின் சாம்பல்நிறப் பகுதி சில இடங்களில் குறைந்தும் சில இடங்களில் கூடியும் இருந்தது. ஊசியையும் தணலையும் ஆராய்கிறவர்கள் தலாமஸ், இன்சுலா, முன் சிங்குலேட் போன்ற, வலியை உணர்வதிலும் அதன் துன்பத்திலும் பங்குள்ள இடங்களைத்தான் பார்க்கிறார்கள்.

இங்கே கலைச்சொல்லைவிட ஒரு வினைச்சொல்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். ‘மூளையைச் சீராக்குகிறது’ என்று எழுதிவிடாதீர்கள். படத்தில் மாற்றம் தெரிவது வேறு, நோய் தீர்வது வேறு. மாதவிடாய் வலிக்கான அக்குபஞ்சர் பற்றி 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்த 42 ஆய்வுகளில் 4,640 பெண்கள் இருந்தார்கள். அப்படியும் பலன் உண்டென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆய்வுகளின் தரம் அவ்வளவு குறைவு. ‘மாற்றம் காணப்பட்டது’ போதும்.

வியாழன் இரவு, மொழிபெயர்ப்பாளர்

ஆய்வு மாணவித் தங்கையின் திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டேன், மூன்று இடங்களில் ‘சீராக்குகிறது’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். மூலிகைத் தணலுக்கு நாலு பேர் சரி என்கிறார்கள். தமிழாசிரியர் ஐயா மட்டும், தழல் தணிந்தால்தான் தணல், எரிந்துகொண்டிருப்பதற்கு அது எப்படிப் பொருந்தும் என்று தொலைபேசியில் அரைமணி நேரம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முதல் முறை வருமிடத்தில் ‘மாக்ஸிபஸ்சன் எனும் மூலிகைத் தணல் சிகிச்சை’ என்றும், பிறகு தணல் என்றும் எழுதி அனுப்புகிறேன். அடுத்த பத்தியில், தோல்மேல் கிண்ணம் கவிழ்த்து உறிஞ்சவைக்கும் கப்பிங் வருகிறது. அதற்கும் யாராவது சொல்லுங்கள்.

வியாழன் நள்ளிரவு, சித்த மருத்துவர்

கொம்பு கட்டல். அதுவும் அந்த 32இல் இருக்கிறது. சுட்டிகையைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.